புதிய சொற்செயலியும் பழைய கோப்புகளும்

புணே நகரின் வடமேற்கே, மும்பையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, வாகட் என்னும் பகுதி அமைந்துள்ளது. வயலும் வெளியுமாக இருந்த இச்சிற்றூர், அண்டையிலுள்ள ஹிஞ்சவடியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா தோன்றிய பின்னர், அடுக்குமாடி வீடுகள் நிறைந்த புறநகராக மாறிவிட்டது. அவ்வீடுகளில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. இவர்களுக்கு முன்பே புணேக்கு வந்த தமிழர் வேறு. கட்கியிலும் தேஹு ரோடிலும் உள்ள படைக்கலத் தொழிற்சாலைகளிலும் இராணுவ அலுவலகங்களிலும் பணியாற்ற வந்து, ராஸ்தா பேட், காம்ப் முதலிய இடங்களில் வேரூன்றியவர்கள் அவர்கள்.

இவ்விரு சாராரும் ஒரு பொருளைக் கைம்மாற்றிக்கொள்ளும்போது ஒரு தொல்லை தலைகாட்டுகிறது. அப்பொருள் கணினிக் கோப்பு. ஆண்டு மலருக்காக 1998இல் தட்டச்சு செய்த கட்டுரை, உறுப்பினர் பதிவேடு, பங்குனி உத்திர விழாவின் வரவு செலவு, ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் ஊரையும் முன்னோரையும் பற்றி எழுதிவைத்த குறிப்புகள் ஆகிய இவையெல்லாம் பழைய வட்டுகளில் உறங்கிக்கிடக்கும். வாகட்டில் வாழும் இளைஞர் அவற்றைத் தம் புதிய மடிக்கணினியில் திறந்து பார்க்கிறார் என்று கொள்வோம். சில கோப்புகள் திறக்கவே மறுக்கின்றன. சில திறக்கின்றன; ஆனால், ‘தமிழ்’ என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும், அவற்றின்பின் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. மறுபுறம், அவர் புதிய முறையில் ஆக்கி அனுப்பும் அறிக்கையைத் திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ உள்ள சிற்றப்பா தம் பழைய கணினியில் திறந்தால், வெறும் கட்டங்களே வரிசையாகத் தெரிகின்றன.

கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதனை நீக்கிவிடுவோர் உண்டு. அவ்வாறு நீக்கப்படுவனவற்றுட் பல உண்மையில் பழுதே உறாதவை. அவற்றைப் படிக்கும் முறைதான் மாறிவிட்டது. சொற்செயலியைப் புதுப்பிக்கும்போது பழைய கோப்புகளைக் கைவிடாமலும், பழைய கணினி வைத்திருப்போரைப் புறந்தள்ளாமலும் இருப்பது எங்ஙனம் என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

ஓர் ஆவணம் கணினியினுள் மூன்று அடுக்குகளாக நிற்கிறது. அதனைத் திறந்து எழுதவும் திருத்தவும் உதவும் நிரல் முதலாவது. சொற்செயலி என்பது இதுவே. அந்நிரல் ஆவணத்தை வட்டில் எந்த ஒழுங்கில் அடுக்கிவைக்கிறது என்பது இரண்டாவது. இதனைக் கோப்பு வடிவம் என்கிறோம். ஒவ்வோர் எழுத்துக்கும் எந்த எண்ணை அடையாளமாகக் கொள்கிறது என்பது மூன்றாவது. இது எழுத்துக் குறியீடு. ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு மூன்றாவது அடுக்கைப் பற்றிய கவலை பெரும்பாலும் எழுவதில்லை. அவர்களுடைய இருபத்தாறு எழுத்துகளுக்கும் உரிய எண்கள் 1960களிலேயே உறுதியாகி, இன்றளவும் மாறாமல் இருக்கின்றன. நமக்கோ மூன்று அடுக்குகளும் கால் நூற்றாண்டுக்குள் மாறின. மூன்றையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் மாற்ற முற்படும்போதுதான் இழப்பு நேர்கிறது. எந்த அடுக்கில் பிழை புகுந்தது என்பதைப் பின்னர்க் கண்டறிய வழி இராது. ஓர் அடுக்கை மாற்றி, சரிபார்த்து, அதன் பின்னரே அடுத்ததைத் தொடுவது என்னும் ஒழுங்கை மேற்கொண்டால் இவ்வேலையில் அஞ்சத்தக்கது ஒன்றும் இல்லை.

முதல் இரண்டு அடுக்குகளைச் சேர்த்தே பார்க்கலாம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வேர்டு என்னும் சொற்செயலியே நம்மவரிடையே மிகுதியாக வழங்குவது. 1997ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் 2003ஆம் ஆண்டுப் பதிப்பு வரை அதன் கோப்பு வடிவம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கோப்பின் பெயருக்குப் பின் ஒரு புள்ளியும், ‘டாக்’ என்னும் மூன்றெழுத்து வாலும் வரும். அதனுள்ளே இருப்பது வேர்டு நிரலுக்கெனவே அமைந்த எண் அடுக்கு. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்வடிவத்தை மாற்றியது. வாலில் ‘எக்ஸ்’ என்னும் நான்காவது எழுத்து சேர்ந்தது. புதிய கோப்பு உண்மையில் ஒரு பொதி. அதன் வாலை ‘சிப்’ என்று மாற்றித் திறந்து பார்த்தால், உரை ஒரு தாளாகவும், படங்கள் தனி உறையிலும், நடையமைப்பு மற்றொரு தாளிலும் இருக்கக் காணலாம். உரை வெளிப்படையான எழுத்துகளாலேயே எழுதப்பட்டிருப்பதால், கோப்பின் ஒரு பகுதி சிதைந்தாலும் எஞ்சியதை மீட்க முடிகிறது. இவ்வடிவம் 2006 டிசம்பரில் எக்மா நிறுவனத்தாலும், 2008இல் அனைத்துலகத் தரநிறுவனத்தாலும் தரமாக ஏற்கப்பட்டது. இதற்குமுன்பே, 2006இல், ஓபன் டாக்குமென்ட் என்னும் மற்றொரு திறந்த வடிவம் அனைத்துலகத் தரமாகியிருந்தது. லிப்ரே ஆபீஸ் என்னும் விலையில்லாச் சொற்செயலி இயல்பாகக் கையாளுவது இதனையே.

பழைய வேர்டு வைத்திருந்தோர் புதிய கோப்புகளைத் திறப்பதற்காக மைக்ரோசாப்ட் ஓர் இணைப்பு நிரலை விலையின்றி வழங்கிவந்தது. 2018இல் அது நிறுத்தப்பட்டது. ஆகவே, 2003ஆம் ஆண்டு வேர்டையே இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் தட்டச்சு நிலையத்துக்கு நாம் நான்கெழுத்து வால் கொண்ட கோப்பை அனுப்பினால், அவர்கள் அதைத் திறக்க வழியின்றித் தவிப்பர். ‘நீங்களும் புதியது வாங்குங்கள்’ என்று கூறிவிடுவது எளிது. அந்நிலையத்தாரிடம் இருப்பது சிறிய வருவாய். அவர்களுடைய கணினியோ புதிய நிரலைத் தாங்காது. நாம்தாம் ஓரடி இறங்கி வருதல் வேண்டும். புதிய வேர்டில் சேமிக்கும்போது, வடிவப் பட்டியலில் ‘97–2003’ என்று குறித்த பழைய வடிவத்தைத் தேர்ந்தால் போதும். அப்போது நிரலே பொருத்தத்தைச் சோதித்து, எவையெவை பழைய வடிவில் நிற்கமாட்டா என்று ஒரு பட்டியல் காட்டும். அப்பட்டியலைப் படியாமல் மூடிவிடுதல் நம்மவரிடம் உள்ள ஒரு பழக்கம். அதனை விட்டொழித்தல் நன்று. கணிதச் சமன்பாடுகள் படங்களாக மாறிவிடும். பின்னர்த் திருத்த இயலாது. ‘ஸ்மார்ட் ஆர்ட்’ எனப்படும் விளக்கப் படங்களுக்கும் அதே கதி. படிவங்களில் தேர்வு செய்வதற்கென வைத்த கட்டங்கள் வெறும் எழுத்தாக நின்றுவிடும். கடிதத்துக்கும் கட்டுரைக்கும் இவற்றால் தீங்கில்லை. தேர்வு வினாத்தாள் அனுப்பும் ஆசிரியர்க்கு இது பெருந்தீங்கு.

எதிர்த்திசையில், பழைய கோப்பைப் புதிய வேர்டில் திறக்கும்போது, சாளரத்தின் தலைப்பில் ‘பொருத்த நிலை’ என்னும் பொருள்பட ஒரு குறிப்பு தோன்றும். பலர் இதனைப் பிழைச் செய்தி என்று மயங்குகின்றனர். பழைய கோப்பின் பக்க அமைப்பும் இடைவெளியும் குலையாதிருக்கும்பொருட்டு, புதிய நிரல் தன் புதிய வசதிகள் சிலவற்றை மடக்கிவைத்துக்கொண்டு பழைய முறையிலேயே நடந்துகொள்கிறது என்பதே அதன் பொருள். அந்நிலையிலேயே படிக்கலாம், திருத்தலாம், அச்சிடலாம். ‘மாற்று’ என்னும் பொத்தானை அழுத்தினால் கோப்பு புதிய வடிவத்துக்குப் பெயர்ந்துவிடும்; பக்கங்களின் எண்ணிக்கை கூடவோ குறையவோ செய்யும். பொருளடக்கமும் பக்க எண்ணும் கொண்ட நூலாயின், படி ஒன்று எடுத்துவைத்துக்கொண்ட பிறகே அப்பொத்தானைத் தொடவேண்டும்.

1997க்கு முற்பட்ட வேர்டு 6, வேர்டு 95 ஆகியவற்றின் கோப்புகள் தனி இனம். பாதுகாப்புக் கருதி இக்கால வேர்டு அவற்றைத் தடுக்கிறது. அல்லது திருத்த இடந்தராமல் காப்பு நிலையில் மட்டும் காட்டுகிறது. நம்பிக்கை மையம் என்னும் அமைப்புப் பகுதிக்குச் சென்று தடையை நீக்கலாம். அதனினும் எளிய வழி, லிப்ரே ஆபீஸில் அவற்றைத் திறந்து புதிய வடிவில் சேமிப்பது. ஓர் உறையிலுள்ள கோப்புகள் அனைத்தையும் ஒருசேர மாற்றும் வசதியும் அதில் உண்டு. நூற்றுக்கணக்கான கோப்புகள் வைத்திருக்கும் சங்கத்தார்க்கு இது பேருதவி.

புதுப்பித்தலை எத்தனை காலம் தள்ளிப்போடலாம் என்று வினவுவோர் உண்டு. நிறுவனத்தார் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை நிறுத்தும் நாளே இதற்கு விடை. வேர்டு 2003க்கு 2014 ஏப்ரலிலும், 2007க்கு 2017 அக்டோபரிலும், 2010க்கு 2020 அக்டோபரிலும் அந்நாள் வந்தது. 2016, 2019 ஆகிய இரு பதிப்புகளுக்கும் 2025 அக்டோபர் 14ஆம் நாள் வந்துவிட்டது. அந்நாளுக்குப் பிறகும் நிரல் ஓடும்; ஆயினும் மின்னஞ்சலில் வரும் தீய கோப்புகளுக்கு எதிரே அது காப்பின்றி நிற்கும். பழைய பதிப்பையே வைத்துக்கொள்ள விரும்புவோர் அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருப்பது தக்கது.

இனி, மூன்றாவது அடுக்காகிய எழுத்துக் குறியீட்டுக்கு வருவோம். நமக்கு உண்மையான சிக்கல் இங்குதான் இருக்கிறது. இவ்வரலாற்றில் புணேக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை வாகட் வாழ் தமிழர் பலர் அறிந்திரார். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1970களில் தொடங்கிய இந்திய எழுத்து ஆராய்ச்சி, 1988இல் புணேயில் நிறுவப்பட்ட உயர் கணினி வளர்ச்சி மையத்தில், அதாவது ‘சி-டாக்’ நிறுவனத்தில், தொடர்ந்து வளர்ந்தது. அதன் பயனாக எழுந்த ‘இஸ்கி’ என்னும் குறியீட்டை இந்தியத் தரநிறுவனம் 1991இல் நாட்டின் தரமாக ஏற்றது. இதன் நுட்பம் வியக்கத்தக்கது. பிராமியிலிருந்து கிளைத்த இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் ஒலியின் அடிப்படையில் ஒரே எண் தரப்பட்டது. தமிழின் ககரமும் மராத்தியின் ககரமும் ஒரே எண். ஆதலின், தமிழில் எழுதிய பெயரை ஒரு பொத்தானை அழுத்தி தேவநாகரியில் காணமுடிந்தது. எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் அல்லாமல் ஒலிக்கும் வரிசையில் அடுக்கப்பட்டன. ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னே தெரிந்தாலும், ககரமே முதலில் வரும். எகரக் குறி பின்னர் வரும். இன்று உலகெங்கும் வழங்கும் யூனிகோடு என்னும் ஒருங்குறி, 1991இல் தன் முதற் பதிப்பில் இந்திய எழுத்துகளைச் சேர்த்தபோது, இந்த இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவையே அடியொற்றியது.

அங்ஙனமாயின் எல்லாரும் இஸ்கியிலேயே எழுதியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அக்காலத்துக் கணினிகளில் அதற்குத் தனி அட்டையோ தனி நிரலோ வேண்டியிருந்தது. மக்கள் எளிய வழியை நாடினர். ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்கள் தோன்றின. பாமினி என்பது அவற்றுள் பெயர் பெற்றது. அதில் ‘எம்’ என்ற விசையைத் தட்டினால் அகரம், ‘கே’ என்றால் மகரம், அரைப்புள்ளி மெய்யின் புள்ளி, ‘எச்’ துணைக்கால். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் திரையில் ‘அம்மா’ தோன்றும். கணினியைப் பொறுத்தமட்டில் அது அம்மா என்று அறியாது. ஐந்து ஆங்கிலக் குறிகளே அதற்குத் தெரியும். எழுத்துரு என்னும் ஆடையைக் கழற்றினால் ஆங்கிலக் குறிகளே எஞ்சும். கைப்பேசிகளில் அவ்வெழுத்துரு இராமையால், அங்கே பாமினிக் கோப்பு எப்போதும் ஆடையின்றியே நிற்கும்.

நிறுவனத்துக்கு ஓர் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்று பெருகியது. புணேயிலேயே பிறந்து மராத்தி அச்சுலகில் பரவிய ஸ்ரீலிபியும் தமிழுக்கென எழுத்துருக்களைத் தன் முறையில் அமைத்தது. இணையத்தில் தமிழார்வலர் கூடி ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை அடுத்து, ‘தாம்’, ‘தாப்’ என்னும் இரு குறியீடுகளையும் தமிழ் 99 என்னும் விசைப்பலகையையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. 2000இல் வெளிவந்த விண்டோஸ் இயங்குதளம் லதா என்னும் எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழைத் தாங்கியது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழக அரசு ஒருங்குறியையும், அதனோடு ‘டேஸ் 16’ என்னும் மற்றொரு குறியீட்டையும் ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆகவே, 1990 முதல் 2010 வரை ஆக்கப்பட்ட தமிழ்க் கோப்பு ஒன்று நம் கைக்கு வருமாயின், அது இவற்றுள் எந்தக் குறியீட்டிலும் இருக்கக்கூடும்.

இவ்வளவு குழப்பத்துக்கு இடையே முன்மாதிரியாகக் கொள்ளத்தக்க ஒரு செயலையும் குறிப்பிடுதல் வேண்டும். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கலியாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்னூல்களாக்கி வழங்கிவருகிறது. திஸ்கிக் குறியீட்டில் நூல்களை வெளியிட்டுவந்த அத்திட்டம், ஒருங்குறிக்கு மாறியபோது பழையனவற்றைத் தூக்கி எறியவில்லை. ஒரே நூல் திஸ்கியிலும் ஒருங்குறியிலும் பக்கம் பக்கமாகக் கிடைத்தது. பழைய கணினி உடையோர் ஒன்றையும், புதிய கணினி உடையோர் மற்றொன்றையும் எடுத்துக்கொண்டனர். பெருஞ்செல்வமோ அரசின் துணையோ இன்றி இது நடந்தது.

பழைய குறியீட்டிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தரும் நிரல்கள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. கோப்பு எக்குறியீட்டில் உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வேர்டில் புரியாத எழுத்துகளின்மேல் சுட்டியை வைத்தால், மேலே எழுத்துருவின் பெயர் தெரியும். நம் கணினியில் அவ்வெழுத்துரு இல்லையாயினும் பெயர் மட்டும் கோப்பில் பதிந்திருக்கும். அப்பெயரே திறவுகோல். அதைக் குறித்துவைத்துக்கொள்ளாமல் முழு உரையையும் தேர்ந்து வேறு எழுத்துருவுக்கு மாற்றி முயன்று பார்ப்பவர், அத்திறவுகோலைத் தாமே கிணற்றில் எறிகிறார். தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆவணத்தில் ஆங்கிலப் பகுதிகள் எவை என்று உணர்த்துவதும் அந்த எழுத்துருப் பெயர்தான். முழுவதையும் ஒரே முறையாக மாற்றினால், ஆங்கிலத்தில் எழுதிய முகவரியும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும்.

மாற்றிய பின் தோன்றும் பிழைகளுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. ஓலைச்சுவடியோடு பழகியோர் இதனை எளிதில் உணர்வர். ஏட்டில் புள்ளியிட்டு எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் இருந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பொருளை நோக்கியே இன்ன எழுத்து என்று துணியவேண்டியிருந்தது. அதே இடர்ப்பாடு வேறு உருவில் கணினிக்கும் வந்தது. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பிற்பாதியும் ளகரமும் ஒன்றே. ஒற்றைக்கொம்பு, வகரம், ளகரம் என்று மூன்று வடிவங்கள் வரிசையாக நின்றால், அது ‘வெள’ என்பதா, ‘வௌ’ என்பதா? மாற்றும் நிரலுக்குத் தெரியாது. அதனால் ‘வெளி’ என்னும் சொல் ‘வௌி’ என்று பிறழ்ந்து நிற்பதை இணையத்தில் இன்றும் காண்கிறோம். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மாற்றிய உரையில் ஔகாரக் குறியைத் தேடிப் பார்க்கவேண்டும். அக்குறியை அடுத்து உடனே புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது ஐயமின்றிப் பிழை. எஞ்சியவற்றுள் மௌனம், கௌரவம், பௌர்ணமி, வௌவால் போன்ற சில சொற்களே சரியானவையாக இருக்கும். அவற்றைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடலாம்.

மற்றொரு வகைப் பிழை மாற்றும் நிரலால் வருவதன்று. தட்டச்சு செய்தவரின் கையால் வந்தது. துணைக்கால் இடவேண்டிய இடத்தில் ரகரத்தைத் தட்டியிருப்பார். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றியமையால் எவரும் கவனித்திரார். ‘காலம்’ என்பது ‘கரலம்’ என்று கிடக்கும். ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருப்பார். படிப்போர்க்கு இதனால் இடையூறு இல்லை. ஆனால் கணினியில் தேடும்போது அப்பெயர் கிடைக்காது. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் ஒருவர் பெயர் இருந்தும் இல்லாததாகிவிடும். தேடல் என்பதே கணினியின் பெரும்பயன் ஆதலின், இத்தகைய பிழைகளைக் களைவதற்குச் செலவிடும் ஒரு மாலைப்பொழுது வீண்போகாது.

மனிதக் கண்ணின் பொறுமை எந்திரத்துக்கு இல்லை. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் வடிவை மாற்றியபோது, பழைய நூல்களை எவரும் திருப்பி அச்சிடவில்லை. துதிக்கை போல் வளைந்த பழைய ‘லை’யைப் பள்ளிச் சிறுவனும் சற்று நேரத்தில் பழகிக்கொள்கிறான். கணினிக்கு அந்தச் சற்று நேரமும் கிடையாது. எண் வேறாயின் எழுத்தும் வேறே. இக்குறையை உணர்ந்தே, ஒருமுறை ஓர் எழுத்துக்கு எண் வழங்கிவிட்டால் அதனை இடம் மாற்றுவதும் இல்லை, நீக்குவதும் இல்லை என்னும் உறுதியை ஒருங்குறி அமைப்பினர் மேற்கொண்டுள்ளனர். 2019இல் தமிழின் பழைய பின்ன எண்களையும் அளவைக் குறிகளையும் சேர்த்தபோதும், ஏற்கெனவே இருந்த எழுத்துகளைத் தொடாமல், தனியிடத்தில் புதிதாக வைத்தனர். நம் கோப்புகளை ஒருமுறை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் மீண்டும் மாற்றும் தேவை எளிதில் வாராது என்று நாம் துணிவதற்கு இதுவே ஆதாரம்.

ஒருங்குறிக்கு மாற அஞ்சும் பெரியோரிடம் ஒரு செய்தியைச் சொல்லுதல் வேண்டும். விசைப்பலகை வேறு, எழுத்துக் குறியீடு வேறு. பாமினி முறையில் இருபது ஆண்டுகள் தட்டிப் பழகிய விரல்களை மாற்றவேண்டியதில்லை. அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற நிரல்கள் தோன்றியதன் நோக்கம் இதுவே. பழைய தட்டச்சுப்பொறி முறையோ பாமினி முறையோ தமிழ் 99 முறையோ, பழகியதைத் தட்டினால் உள்ளே ஒருங்குறி பதியும்படி செய்யலாம். தேஹு ரோடில் வாழும் எழுபது வயதுப் பெரியவர் தம் பழைய வழியிலேயே தட்டுவார். வாகட்டில் வாழும் அவர் பேத்தி அதனைக் கைப்பேசியில் படிப்பாள்.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு சொல். ஒருங்குறிக் கோப்பிலும் எழுத்துரு மாறினால் பக்கம் குலையும். லதாவில் அமைத்த நூல், லதா இல்லாத கணினியில் நிர்மலா என்னும் எழுத்துருவில் திறக்கும். வரிகள் நீளும், பக்க எண்கள் தவறும். விண்டோஸ் 10இலிருந்து லதா விருப்ப இணைப்பாக ஒதுக்கப்பட்டுவிட்டது. வேண்டுவோர் அமைப்புப் பகுதியில் தமிழுக்கான துணை எழுத்துருக்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அனுப்புவோர், சேமிக்கும் அமைப்புகளில் எழுத்துருவைக் கோப்போடு பொதிந்து அனுப்பும் வசதியைத் தேர்ந்தாலும் நன்று.

ஒருங்குறியே போதும் என்று எண்ணியிருப்போரைத் திடுக்கிடச் செய்யும் இடம் ஒன்று உண்டு; அது அச்சகம். திருமண அழைப்பிதழையோ நினைவு மலரையோ ஊரில் அச்சிட அனுப்பினால், ‘இந்தத் தமிழ் எங்கள் கணினியில் வாராது’ என்ற மறுமொழி கிடைப்பதுண்டு. பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு நிரலின் இறுதிப் பதிப்பு 2001இல் வந்தது. அதற்கு ஒருங்குறி தெரியாது. அதனையே நம்பித் தொழில் செய்யும் சிற்றச்சகங்கள் உண்டு. அவர்களிடம், எந்த எழுத்துருவில் வேண்டும் என்று முதலிலேயே கேட்டறிந்து, ஒருங்குறி உரையை அதற்குரிய குறியீட்டுக்குத் திருப்பி மாற்றி அனுப்பலாம்; இருவழியிலும் மாற்றும் நிரல்கள் உண்டு. அதனோடு, உரை எவ்வாறு தோன்றவேண்டும் என்பதைக் காட்டும் பி.டி.எப். படி ஒன்றையும் சேர்த்து அனுப்புதல் இன்றியமையாதது. அச்சகத்தார் அதனை ஒப்புநோக்கிப் பிழை திருத்துவர். மணமகளின் பெயர் பிழைபட்ட அழைப்பிதழ் ஐந்நூறு கையில் வந்து சேர்ந்த பிறகு, குறியீட்டு வரலாற்றை யாரிடம் விளக்குவது?

சங்கமோ குடும்பமோ தன் பழைய ஆவணங்களைப் புதுப்பிக்க முற்படுங்கால், மூலக் கோப்புகள் அனைத்தையும் ஒரு தனி உறையில் படியெடுத்து, அதனைப் படிக்க மட்டும் இடந்தருவதாகப் பூட்டிவைத்துவிடவேண்டும். வேலை முழுவதும் மற்றொரு படியில் நடைபெறட்டும். முதலில் கோப்பு வடிவத்தை மட்டும் மாற்றுவது. எழுத்து பழைய குறியீட்டிலேயே இருக்கட்டும். பத்துக் கோப்புகளைத் திறந்து மூலத்தோடு ஒப்பிட்டபின், குறியீட்டை மாற்றுவது. முடிந்தவற்றை நான்கெழுத்து வடிவில் ஒன்றும், மாறாத பக்க அமைப்புக் கொண்ட பி.டி.எப். வடிவில் ஒன்றுமாக வைப்பது. சேமிக்கும் பட்டியலில் நான்கெழுத்து வடிவம் இரண்டு பெயர்களில் தோன்றும். ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற அடைமொழி உடையதைத் தவிர்க்கவேண்டும். 2007ஆம் ஆண்டு வேர்டு அதனைத் திறக்காது. தீர்மானங்கள், ஆண்டுக் கணக்குகள் போன்றவற்றுக்கு, நெடுங்காலச் சேமிப்புக்கென 2005இல் தரமாக்கப்பட்ட ‘பி.டி.எப். ஏ’ என்னும் வகையே ஏற்றது. எழுத்துருவும் அதனுள்ளேயே அடங்கிவிடும்.

வேலையைத் தொடங்கவேண்டிய இடம் நெகிழ்வட்டுகள். மூன்றரை அங்குல அளவில், 1.44 மெகாபைட் கொள்ளும் அவ்வட்டுகளில் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் நலிந்துகொண்டே வருகிறது. அவற்றைப் படிக்கும் கருவியை யு.எஸ்.பி. வழியாக இன்றைய மடிக்கணினியிலும் இணைக்கலாம். வட்டின் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி செய்தால், தவறியும் அதில் எதுவும் எழுதப்படாது. படியும் கோப்புகளை முதலில் பெயர்த்து எடுத்துக்கொண்டு, பிழை காட்டுவனவற்றை இறுதிக்கு ஒதுக்கவேண்டும். நலிந்த வட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டால் அதில் எஞ்சியிருப்பதும் தேய்ந்து போகும்.